மனநல ஆலோசகரிடம் முதல் நாள்

தேர்வில் தோற்ற கல்லூரி மாணவன் ஒருவன் உறக்கமின்றித் தவிக்கிறான். மனநல ஆலோசகரிடம் செல்லவோ அஞ்சுகிறான். 'சொன்னதெல்லாம் வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ?' என்பதே அவன் ஐயம். அங்கே நடப்பது என்ன?

ஓர் அமர்வு ஏறத்தாழ 50 நிமிடங்கள் நீடிக்கும். முதல் அமர்வில் உறக்கம், பசி, குடும்பம், படிப்பு, முன்பு பெற்ற சிகிச்சை ஆகியவை பற்றி ஆலோசகர் வினவுவார். விரும்பாத வினாவுக்கு விடை கூறாதிருக்கலாம். கட்டணத்தையும் அமர்வுகளின் இடைவெளியையும் அன்றே கேட்டறிதல் நன்று.

18 வயது நிறைந்தவர் கூறுவதை, அவரது இசைவின்றிப் பெற்றோரிடமும் வெளியிடாமை ஆலோசகரின் கடமையாகும். உயிருக்கு ஆபத்து நேரக்கூடும் என்பது போன்ற சில நிலைகளே இதற்கு விலக்கு. அவை எவை என்பதையும் தொடக்கத்திலேயே கேட்கலாம்.

ஆலோசகர் மருந்து எழுதித் தருவதில்லை. அது மனநல மருத்துவரின் பணி. அவர் தீர்ப்புக் கூறுபவரும் அல்லர். துயருற்றவர் தம் வழியைத் தாமே காண உதவுவதே ஆலோசனை என்று 1942-இல் வெளிவந்த தமது நூலில் அமெரிக்க உளவியலறிஞர் கார்ல் ராஜர்ஸ் விளக்கினார்.

முதல் நாளிலேயே துயர் தீர்ந்துவிடாது. பேசியபின் மனம் சற்றுக் கனப்பதும் உண்டு. சில அமர்வுகளுக்குப் பின்னும் மனம் ஒட்டவில்லையெனில், வேறோர் ஆலோசகரை நாடலாம். கட்டணம் செலுத்த இயலாதோர்க்கு, 2022-இல் தொடங்கிய அரசின் 'டெலி மானஸ்' சேவை 14416 என்ற எண்ணில் இலவசமாகக் கிடைக்கிறது.