மழையும் அதிர்வும் ஓய்ந்த பின்னும் ஓயாத அச்சம்

2021 நவம்பர் 19 அன்று காலை பேரணாம்பட்டில் கனமழையால் வீடு இடிந்து விழுந்து, 4 குழந்தைகள் உட்பட 9 பேர் உயிரிழந்தனர். அதே நாட்களில் பாலாறு கரைபுரண்டு ஓடியது. அந்தத் துக்கம் ஆறுவதற்குள், பத்தே நாளில், நவம்பர் 29 விடியற்காலை வேலூருக்கு 59 கி.மீ. மேற்கு-தென்மேற்கே 3.6 ரிக்டர் அளவில் நில அதிர்வு பதிவானது. டிசம்பர் 23 அன்று மறுபடியும் 3.5. பேரணாம்பட்டு, குடியாத்தம் பகுதி மக்கள் வீடுகளை விட்டு வெளியே ஓடி வந்தார்கள்.

3.6 என்பது சிறிய அதிர்வு. ரிக்டர் அளவு ஒன்று கூடினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடுகிறது. அந்தக் கணக்கில் 6.6 அளவு நிலநடுக்கம் இதைப்போல் 30 ஆயிரம் மடங்குக்கும் மேல் பெரியது. ஆனால் சுவர் விழுந்து 9 ஜனாஸாக்கள் புறப்பட்ட ஊரில், பாத்திரம் குலுங்கினாலே நெஞ்சு பதறும். அந்தப் பயத்தைக் கோழைத்தனம் என்று சொல்ல முடியாது. அதைத் தணிப்பதும் வளர்ப்பதும் அடுத்த சில மணி நேரத்தில் மக்கள் காதில் விழும் செய்திதான்.

செய்தி வராவிட்டால் வதந்தி வரும். 'இன்று இரவு பெரிய பூகம்பம்', 'ஏரி உடைந்துவிட்டது' என்று யாரோ பேசிய குரல் பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றும். நிலநடுக்கம் வரும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டிச் சொல்லும் கருவி உலகில் எங்கும் இல்லை என்பதை நாம் அறிந்திருந்தால், முதல் வதந்தி அங்கேயே நின்றுவிடும். கேட்ட செய்தியைத் தீர விசாரிக்காமல் பரப்பக் கூடாது என்பது நமக்குப் புதிய பாடம் அல்லவே!

அரசு அறிவிப்பும் பிசகக்கூடும். 2004 சுனாமிக்கு நான்கு நாள் கழித்து, டிசம்பர் 30 அன்று, மீண்டும் சுனாமி வரலாம் என மத்திய உள்துறை அமைச்சகம் எச்சரித்தது. தமிழகக் கடலோர மக்கள் மறுபடியும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினர். அலை வரவில்லை. உறவுகளைப் பறிகொடுத்தவர்களுக்கு அது இரண்டாவது அடி.

நம் பகுதிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டில் பல வீடுகளில் பேச்சுமொழி உருது. தோல் தொழிற்சாலைகளில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். தமிழில் மட்டும் வரும் குறுஞ்செய்தி வீட்டிலுள்ள மூதாட்டிக்கும் அந்தத் தொழிலாளிக்கும் புரியாது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் தமிழிலும் உருதுவிலும், முடிந்தால் இந்தியிலும் சொன்னால் எல்லோருக்கும் சேரும்.

அறிவிப்பில் நான்கு விஷயங்கள் இருந்தால் போதும்: என்ன நடந்தது, யார் உறுதி செய்தார்கள், இப்போது என்ன செய்ய வேண்டும், அடுத்த அறிவிப்பு எப்போது. தெரியாததைத் தெரியாது என்றே சொல்லலாம். 'இஷாவுக்குப் பிறகு மீண்டும் அறிவிப்போம்' என்ற ஒரு வரி இருந்தால் மக்கள் பதறாமல் காத்திருப்பார்கள். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணில் கேட்டு உறுதி செய்துகொண்டு அறிவிப்பது நல்லது.

ஆபத்து நீங்கிய பின்னும் தூக்கமின்மை, சத்தம் கேட்டால் திடுக்கிடுதல், குழந்தைகள் தாயை விட்டு நகர மறுத்தல் போன்றவை இருக்கும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகக் குறையும். அதுவரை அவர்கள் பேசுவதைக் குறுக்கிடாமல் கேட்போம். 'அழாதீர்கள்' என்று அடக்க வேண்டாம். இடிபாடுகளின் வீடியோக்களைக் குழந்தைகள் திரும்பத் திரும்பப் பார்க்க விடவேண்டாம். இறந்தவர்களின் படங்களை யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

ஒரு மாதம் கடந்தும் தூக்கம் வராவிட்டால், வேலைக்கோ பள்ளிக்கோ போக முடியாவிட்டால், மருத்துவ உதவி தேவை. மத்திய அரசின் மனநல உதவி எண் 14416; தமிழக அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது. காய்ச்சலுக்கு மருந்து வாங்க நாம் வெட்கப்படுவதில்லை. மனக்காயத்துக்கும் அப்படித்தான்.

அடுத்த மழைக்காலம் வருமுன், அறிவிப்பு செய்யும் பொறுப்பு யாருடையது, எந்த மொழிகளில், யாரிடம் உறுதி செய்த பின் என்பதை ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்தும் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளட்டும். இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை.