தார்ச்சாலையும் தண்ணீரும்

நாம் நாடோறும் பயன்கொள்ளும் பொருள்களுள் நம் கருத்தைச் சிறிதும் கவராது கிடப்பது சாலையேயாம். குழியில் வண்டி இறங்கிக் குலுங்கும்போதன்றி அதனை நினைப்பார் இலர். தார்ச்சாலை எவ்வாறு அமைகின்றது, எதனால் அழிகின்றது என்பவற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

சாலை என்பது மேலே தோன்றும் கருநிறப் படலம் மட்டுமன்று. வண்டியின் பாரத்தை முடிவில் தாங்குவது அடியிலுள்ள மண்ணே. இவ்வுண்மையை வற்புறுத்தியவர் ஸ்காத்லாந்து தேசத்தவராகிய ஜான் லௌடன் மக்காடம் (1756–1836) என்பார். உலர்ந்த மண் பாரம் தாங்கும். நனைந்த மண்ணோ குழைந்து இடங்கொடுத்துவிடும் என்பது அவர் கொள்கை. ஆதலின் அவர் சாலையைச் சூழ்ந்த நிலத்தினும் உயர்த்தி, நடுவிற் சிறிது மேடாக்கி, முனைகளையுடைய சிறு கற்களைப் பரப்பச் செய்தார். அக்கற்கள் ஒன்றையொன்று கவ்விக் கூரைபோல் நின்று மண்ணைக் காத்தன. நம் நாட்டுக் கப்பிச்சாலைகள் இம்முறையைத் தழுவியனவே.

மோட்டார் வண்டிகள் பெருகவே, கப்பிச்சாலை புழுதியாய்ப் பறக்கலாயிற்று. இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம்ஷயர்ச் சாலைகளின் மேற்பார்வையாளராகிய எட்கர் பர்னெல் ஹூலி என்பார், தார்ப்பீப்பாய் உடைந்து சிந்திய ஓரிடத்தில் உலைக்கசடு தூவப்பட்டிருக்க, அவ்விடம் புழுதியின்றி உறுதியாயிருக்கக் கண்டார் என்பர். தாரும் கசடும் கலக்கும் முறைக்கு 1902-ஆம் ஆண்டில் அவர் உரிமைப் பட்டயம் பெற்றார். அக்காலத்துத் தார் நிலக்கரியினின்று வடித்தது. இன்று நாம் தார் என வழங்குவதோ, பெட்ரோல் முதலியவற்றைப் பிரித்தெடுத்தபின் கச்சா எண்ணெயில் எஞ்சும் பிட்டுமன் என்னும் பொருளாகும். திரினிதாத் தீவில் இத்தகைய பொருள் ஓர் ஏரியாகவே இயற்கையிற் கிடக்கின்றது.

ஜல்லியைச் சென்டிகிரேட் 150 பாகைக்கு மேற் சூடாக்கி, உருக்கிய தாரை அதனோடு கலப்பர். கலவையின் நிறையில் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பங்கே தார். எஞ்சியது பெரிதும் கல்லே. தார் குறைந்தாற் கற்கள் பெயரும். மிகுந்தால் வெயிலிற் கசிந்து வழுக்கும். சூடு ஆறுமுன்னரே உருளையால் ஓரத்தினின்று நடுநோக்கி அழுத்தல் வேண்டும். ஆறிய கலவை எத்துணை உருட்டினும் இறுகாது; உள்ளே புழைகள் மிகும். அவற்றின் வழியே புகும் நீர் கல்லினின்று தாரைப் பிரிக்கும். சக்கரம் ஏறுந்தோறும் அந்நீர் அழுந்திப் பீறிட்டு உள்ளே அரிக்கும். குழி பிறக்கும் வரலாறு இதுவே.

இந்நீரைத் தடுக்க நம்மவர் ஒருவர் கண்ட முறையும் அறியத்தக்கது. மதுரைத் தியாகராசர் பொறியியற் கல்லூரியின் இரசாயனப் பேராசிரியர் இராஜகோபாலன் வாசுதேவன், கழித்தெறிந்த பிளாஸ்டிக்கைத் துணித்துச் சூடேறிய ஜல்லியின்மேல் தூவினார். அஃது உருகிக் கல்லின்மேற் போர்வையாய்ப் படிந்தது. அதன்மேல் தாரும் நன்கு பற்றிற்று. நீர் புக இடங் குறைந்தது. 2018-ஆம் ஆண்டில் அவர்க்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது.

எனினும், எத்துணைச் சிறந்த தாரும் வடிகாலுக்கு ஈடாகாது. சாலைக்கு நூற்றுக்கு 2 அல்லது 2½ பங்கு பக்கச் சரிவு வைப்பது நீர் ஓடுதற்கே. ஓடிய நீர் சேரும் வாய்க்காலைக் குப்பையால் அடைப்போமாயின், சரிவினாற் பயனென்னை? மேலும், பழைய படலத்தைச் சுரண்டி எடாது அதன்மேலேயே புதிது இடுவது பெரும் பிழை. 40 மில்லிமீட்டர் கனத்தில் மும்முறை இடின் தெரு ஏறக்குறைய 5 அங்குலம் உயரும். வீட்டு வாயிற்படி ஒன்று மறையும். பின்பு மழைநீர் தெருவில் நில்லாது ஏழையின் கூடத்திற் புகும். செல்வர் தம் வீட்டை உயர்த்திக் கட்டுவர். ஏனையோர் யாது செய்வர்?

நண்பகல் வெயிலில் காலிற் சாக்குத் துணி சுற்றிக்கொண்டு, கொதிக்குந் தாரினருகே நின்று உழைப்போரால் நமக்குச் சாலை அமைகின்றது. அவர்தம் உழைப்பு ஒரு மழையிற் கரைந்து போகாவண்ணம் காப்பது, திட்டம் வகுப்போர்க்கும் தெருவில் வாழ்வோர்க்கும் ஒருங்கே உரிய கடனாம்.