முதல் சைக்கிளுக்குத்தான் காற்று

எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்குப் போனவர்களுக்கு, காற்றுக்கு எடை உண்டு என்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. முழங்காலுக்கே தெரியும்.

சென்னையை அடுத்த கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சைக்கிள் குழுவினர் வரிசையாகப் போவதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். ஒருவருடைய பின்சக்கரத்தை ஒட்டி அடுத்தவருடைய முன்சக்கரம். இடைவெளி ஒரு மீட்டர்கூட இராது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை முதலில் போகிறவர் ஒதுங்கி, வேகத்தைக் குறைத்து, வரிசையின் கடைசியில் சேர்ந்துகொள்வார். இரண்டாவதாக வந்தவர் முதல் இடத்துக்கு வருவார். ஏன் இப்படி மாறி மாறிப் போகிறார்கள்?

அந்தச் சாலை புதுச்சேரி, கடலூர், சிதம்பரம் என்று தெற்கே நீள்கிறது. சிதம்பரத்திலிருந்து பத்துப் பேர் கொண்ட குழு ஒன்று, சுமார் 45 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கடலூர்த் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர். அதாவது, வினாடிக்கு 8 மீட்டருக்குச் சற்று மேல்.

நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுபவர் எதிர்க்காற்றுக்குக் காட்டும் பரப்பு ஏறத்தாழ அரைச் சதுர மீட்டர். ஆகவே ஒவ்வொரு வினாடியும் சுமார் 4 கன மீட்டர் காற்று அவர் வழியில் குறுக்கிடுகிறது. ஒரு கன மீட்டர் காற்றின் நிறை சுமார் 1.2 கிலோ. கணக்கிட்டுப் பாருங்கள்: வினாடிக்கு 5 கிலோ காற்று! கையில் தூக்கினால் ஒரு சிறிய அரிசிப் பை. அதை ஒவ்வொரு வினாடியும் விலக்கித் தள்ளியபடியே அவர் போகிறார்.

வேகத்தை இரு மடங்காக்கினால் என்ன ஆகும்? வினாடிக்கு மோதும் காற்று இரு மடங்காகும். அதைத் தள்ள வேண்டிய வேகமும் இரு மடங்காகும். எனவே தடை விசை நான்கு மடங்கு. அந்த விசையை எதிர்த்து ஒரு வினாடியில் கடக்கும் தூரமும் இரு மடங்கு. ஆகவே காற்றுக்காக மட்டும் செலவிடும் திறன் எட்டு மடங்கு! நிதானமாகப் போகும்போது களைப்புத் தெரியாதவருக்குப் பந்தயம் என்றதும் மூச்சு வாங்குவது இதனால்தான்.

இந்தக் காற்றுத் தடையை முறையாக அளந்த முன்னோடிகளில் ஒருவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர். துப்பாக்கிக் குண்டு போன்ற கனமான பொருளுக்குக் காற்று ஒரு பொருட்டல்ல என்றே அக்காலத்தில் பலர் எண்ணினார்கள். ராபின்ஸ் கனத்த ஊசல் ஒன்றைத் தொங்கவிட்டு அதன்மீது குண்டுகளைச் சுட்டார். ஊசல் எவ்வளவு ஆடுகிறது என்பதிலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிட்டார். வெவ்வேறு தொலைவிலிருந்து சுட்டபோது, வழியில் குண்டு இழந்த வேகம் தெரிந்தது. வேகமாகச் செல்லும் குண்டின் மீதான காற்றுத் தடை, அதன் எடையைவிடப் பல மடங்கு! இது 1742-இல் நூலாக வெளிவந்தது. பின்னர் ஒரு சுழலும் கரத்தின் நுனியில் பல வடிவப் பொருள்களைப் பொருத்திச் சுற்றவிட்டு, வடிவம் மாறினால் தடையும் மாறுவதைக் காட்டினார். பந்தயக்காரர் ஹேண்டில் பாரின்மேல் கவிழ்ந்து ஓட்டுவது இந்த இரகசியத்தை அறிந்துதான்.

ராபின்ஸ் 1751-இல் காய்ச்சலால் இறந்தார். எங்கே தெரியுமா? தேவனாம்பட்டினத்தில் கெடில நதியோரம் இருந்த செயின்ட் டேவிட் கோட்டையில்! கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக அவர் இங்கு வந்திருந்தார். 1690-இல் அந்தக் கோட்டையைக் கம்பெனி விலைக்கு வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரையுள்ள நிலமும் சேர்த்து விற்கப்பட்டது. அதனால் சுற்றியிருந்த ஊர்கள் குண்டு கிராமங்கள் எனப் பெயர் பெற்றன. காற்று மட்டும் இல்லாதிருந்தால் குண்டு இன்னும் தொலைவில் விழுந்திருக்கும். கம்பெனிக்கு இன்னும் சில ஊர்கள் கிடைத்திருக்கும்!

மீண்டும் நம் வரிசைக்கு வருவோம். முதல் ஆள் காற்றை விலக்கிச் செல்ல, அவருக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்த ஒரு பகுதி உண்டாகிறது. அங்குள்ள காற்று அவரோடு ஓரளவு இழுபட்டு வருகிறது. அதற்குள் நுழைந்து ஓட்டும் இரண்டாமவருக்குக் காற்றுத் தடை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், 121 பேர் கொண்ட பந்தயக் கூட்டத்தின் மாதிரியைக் காற்றுச் சுரங்கத்தில் சோதித்தார்கள். கூட்டத்தின் நடுப்பகுதியில் சிலருக்குத் தடை, தனியாக ஓட்டுபவருக்கு உள்ளதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தது.

இதன் உச்சத்தை 1899-இல் அமெரிக்காவில் சார்லஸ் மர்ஃபி காட்டினார். தண்டவாளங்களுக்கிடையே பலகை பாவி, ஓடும் ரயில் பெட்டிக்குப் பின்னால் சைக்கிள் ஓட்டி, 1 மைலை 57.8 வினாடியில் கடந்தார். மணிக்கு 100 கிலோமீட்டர்!

உடனே நீங்கள் பஸ்ஸுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளக் கூடாது. மர்ஃபிக்குப் பாதை முழுவதும் காலியாக இருந்தது. நம் சாலையில் பஸ் திடீரென்று பிரேக் போடும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மீட்டர் இடைவெளி என்பது எட்டில் ஒரு வினாடிதான். கண் பார்த்துக் கை பிரேக்கை அழுத்துவதற்குள் அது முடிந்துவிடும். குழுவிலும் இந்த ஆபத்து உண்டு. அதனால்தான் முன்னால் போகிறவர் குழியைக் கண்டால் கையால் காட்டுகிறார், குரல் கொடுக்கிறார். அவர் காற்றை மட்டும் சுமப்பதில்லை. பின்னால் வரும் ஒன்பது பேருக்குக் கண்ணும் அவர்தான்.

திரும்பும்போது கணக்குச் சற்று மாறும். வெயில் ஏறியதும் கடற்காற்று வீசத் தொடங்கும். சிதம்பரத்தை நோக்கித் தெற்கே போகிறவர்களுக்கு அது இடப்பக்கத்திலிருந்து வரும். இப்போது காற்று மறைவு நேர் பின்னால் இருக்காது, வலப்பக்கமாகச் சாய்ந்திருக்கும். அதைத் தேடி ஒவ்வொருவரும் சற்று வலப்புறம் விலகினால், வரிசை சாலையின் நடுவுக்கே போய்விடும். பந்தயத்துக்காக அடைத்த சாலையில் அது சரி. லாரி ஓடும் சாலையில் ஓரமாகவே போக வேண்டும். வருகிற காற்றை அவரவர் மிதித்தே தீர்க்க வேண்டும்.