பீரோவில் தூங்கும் அரசு லேப்டாப்பும் ஒரு 8 ஜிபி பென் டிரைவும்

எங்கள் சேவுகம்பட்டி, வத்தலக்குண்டு பக்கம் பல வீடுகளில் பீரோ மேல் ஒரு அரசு லேப்டாப் தூசி பிடித்துக் கிடக்கும். 2011 செப்டம்பரில் ஜெயலலிதா தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில், எல்காட் மூலம் வாங்கிக் கொடுத்தது. ஆரம்பத்தில் வந்தவற்றில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. (அந்த பாஸைத் திறந்து பார்த்தவர்களை நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன்.)

நான் பிரித்துப் பார்த்தவற்றில் பெரும்பாலும் செத்துப் போயிருந்தது ஹார்ட் டிஸ்க் மட்டும்தான். ப்ராசஸர், ராம், திரை எல்லாம் நன்றாகவே இருந்தன. அப்படியென்றால் டிஸ்க்கே இல்லாமல் ஓட்டலாமே? ஓட்டலாம். ஆஸ்திரேலியாவின் பாரி காலர் 2003ல் தொடங்கிய பப்பி லினக்ஸ் இதற்குத் தோதானது.

"பென் டிரைவில் லினக்ஸ் போட்டேன், ஆமை மாதிரி நகருது" என்று சிலர் சொல்வார்கள். சரிதான். பென் டிரைவ் ஒரு பெரிய கோப்பை வரிசையாகப் படிப்பதில் கெட்டி. அங்கங்கே துண்டு துண்டாக எழுதுவதில் படுமந்தம். வழக்கமான லினக்ஸை அதில் நிறுவினால் ஓயாமல் இந்த இரண்டாவது வேலைதான் நடக்கும். பப்பியில் சிஸ்டத்தின் பெரும்பகுதி ஸ்குவாஷ்எஃப்எஸ் முறையில் சுருக்கிய ஒரே கோப்பு. மொத்த ஐஎஸ்ஓவே சில நூறு எம்பிதான். பூட் ஆகும்போது அதை ஒரே மூச்சில் ராமுக்கு ஏற்றிவிடும். அப்புறம் எல்லாமே ராமில்தான். 2 ஜிபி ராமிலும் மெனு சட்டென்று திறக்கும்.

சரி, நாம் டைப் செய்தது எங்கே போகிறது? வரைபடத்தின் மேல் டிரேசிங் பேப்பர் வைத்து வரைவோமே, அதே கதைதான். அடியில் உள்ள சிஸ்டம் மாறாது. நம் மாற்றங்கள் மேல் தாளில். அந்தத் தாளும் ராமில்தான் இருக்குது! பென் டிரைவில் ஓடும்போது பப்பி அதை அவ்வப்போதும் ஷட்டவுன் செய்யும்போதும் பென் டிரைவில் உள்ள சேவ் ஃபைலுக்கு நகலெடுக்கும்.

நம்ம ஊரில் சிக்கல் இங்கேதான். இந்தப் பழைய லேப்டாப்களில் பேட்டரியும் அநேகமாகப் போயிருக்கும். கரண்ட் போனால் அடுத்த நொடி திரை கறுப்பு. அரை மணி நேரமாக டைப் செய்த ப்ராஜெக்ட் அப்படியே காற்றில். அதனால் யாருக்காவது இதைப் போட்டுக் கொடுத்தால் முதலில் டெஸ்க்டாப்பில் உள்ள 'சேவ்' ஐகானைக் காட்டுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதை அமுக்கச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

தயாரிப்பது சுலபம். 8 ஜிபி பென் டிரைவ் தாராளம். ரூஃபஸில் எழுதும்போது 'ஐஎஸ்ஓ' முறையைத் தேர்ந்தெடுங்கள். 'டிடி' முறையில் எழுதினால் பென் டிரைவ் சிடி மாதிரி ஆகிவிடும், சேவ் ஃபைலுக்கு இடம் கிடைக்காது. லேப்டாப்பை ஆன் செய்ததும் பூட் மெனுவுக்கு பெரும்பாலும் எஃப்12, சிலதில் எஸ்கேப்.

ஒரு விஷயத்தில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். சிஸ்டம் சின்னது, இன்றைய இணையப் பக்கங்கள் சின்னவை அல்ல. பிரவுசரில் ஐந்தாறு டேப் திறந்தாலே 2 ஜிபி திணறும். எழுதுவது, பிடிஎஃப் படிப்பது, பைத்தான் பழகுவது இதற்கெல்லாம் தாராளமாகப் போதும். பப்பி பெரும்பாலானவற்றை ரூட் பயனராகவே ஓட்டும் என்பதால் பேங்க் வேலையை மட்டும் அதில் வைத்துக்கொள்ள வேண்டாம். அது போனிலேயே இருக்கட்டும்.