ஓலைச்சுவடி மின்னுருவாக்கத்தில் உணரியின் அளவு: இரு தொழில்முறை ஆடியில்லா ஒளிப்படக்கருவிகளின் ஒப்பீடு

ஆய்வுச்சுருக்கம்

சுவடிகளை மின்னுருவாக்கம் செய்வதற்கு ஒளிப்படக்கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது, உணரியின் பரப்பும் மொத்தப் படப்புள்ளிகளின் எண்ணிக்கையும் முதன்மை அளவுகோல்களாகக் கொள்ளப்படுவது இயல்பு. இவ்விரண்டிலும் வேறுபடும் ஃபூஜிஃபிலிம் ஜிஎஃப்எக்ஸ் 100எஸ், சோனி ஆல்ஃபா 7ஆர் 5 ஆகிய கருவிகளை இக்கட்டுரை ஒப்பிடுகிறது. இரண்டின் படப்புள்ளிகளும் ஒரே அளவினவாக இருப்பதால், பெரிய உணரியின் பயன் படமெடுக்கப்படும் பொருளின் வடிவத்தையே சார்ந்து அமைகிறது என்பதும், ஓலை நறுக்குகளுக்கு அப்பயன் குறைவாகவும் கல்வெட்டு மைப்படிகளுக்கு மிகுதியாகவும் கிடைக்கிறது என்பதும் கணக்கீடுகளின் வழி விளக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஓலைச்சுவடி, மைப்படி, மின்னுருவாக்கம், உணரி, படப்புள்ளி, பிரிதிறன், சாய்வொளி.

முன்னுரை

சுவடி ஒன்று மின்னுருவாக்கம் பெற்றபின், ஆய்வாளர் பெரும்பாலும் அதன் படத்தையே படிக்கிறார்; மூல ஓலை அவர் கைக்கு வருவது அரிது. ஆகவே படம் எதைக் காட்டத் தவறுகிறதோ, அது பாடத்திலிருந்தே மறைந்துவிடக்கூடும். தமிழ்ச் சுவடிகளில் மெய்யெழுத்துகளுக்குப் பெரும்பாலும் புள்ளி இடப்படுவதில்லை. எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் காட்டப்படுவதில்லை. காலும் ரகரமும் ஒரே வடிவில் எழுதப்பெறும். இத்தகைய எழுத்துமுறையில் எங்கேனும் ஒரு புள்ளி தென்பட்டால், அது எழுதியவர் இட்டதா, பூச்சி அரித்த துளையா, ஒட்டிய தூசியா என்பது பாடவேறுபாட்டையே தீர்மானிக்கும் வினாவாகிறது. அவ்வினாவுக்கு விடைதரும் படத்தை எடுக்க எத்தகைய கருவி வேண்டும் என்பது பதிப்பாசிரியருக்கும் உரிய வினாவே. அதைக் கருவி விற்பவரின் பொறுப்பில் விட்டுவிடுவதற்கில்லை.

இரு கருவிகளும் ஒரே படப்புள்ளியும்

மிரர்லெஸ் என வழங்கும் ஆடியில்லா ஒளிப்படக்கருவியில், வில்லைக்கும் உணரிக்கும் இடையே ஒளியைத் திருப்பும் ஆடி இல்லை. ஆடி எழும்பி இறங்கும் அதிர்வு இல்லாமையால் படியெடுக்கும் பணிக்கு இவ்வகை ஏற்றது. 2021இல் வெளிவந்த ஜிஎஃப்எக்ஸ் 100எஸ் கருவியின் உணரி 43.8 மி.மீ. அகலமும் 32.9 மி.மீ. உயரமும் உடையது, 11,648 × 8,736 என ஏறத்தாழ 10.2 கோடிப் படப்புள்ளிகளைத் தருவது. 2022இல் வெளிவந்த ஆல்ஃபா 7ஆர் 5 கருவியின் உணரி 35.7 × 23.8 மி.மீ. அளவினது, 9,504 × 6,336 என ஏறத்தாழ 6 கோடிப் படப்புள்ளிகள் கொண்டது. முன்னது ‘மீடியம் ஃபார்மட்’ என்றும் பின்னது ‘ஃபுல் ஃபிரேம்’ என்றும் வணிக வழக்கில் அழைக்கப்படுகின்றன. (படச்சுருள் காலத்தில் மீடியம் ஃபார்மட் எனப்பட்ட சட்டகங்களுள் மிகச் சிறியதுகூட 56 மி.மீ. அகலம் உடையது, இன்றைய பெயர் அன்றைய அளவைக் குறிப்பதன்று.)

உணரியின் அகலத்தைப் படப்புள்ளிகளின் எண்ணிக்கையால் வகுத்தால், இரண்டிலும் ஒரு படப்புள்ளியின் அகலம் 3.76 மைக்ரான் என்றே கிடைக்கிறது. பெரிய உணரியில் பெரிய படப்புள்ளிகள் இருக்கும், ஆகவே ஒவ்வொன்றும் மிகுதியான ஒளியைப் பெறும் என்னும் பரவலான கருத்து இவ்விணைக்குப் பொருந்தாது. இரண்டும் ஒரே கட்டத்துணி போன்றவை. ஒன்று சற்றுப் பெரிதாக வெட்டப்பட்டது, அவ்வளவே. நிறத்தைப் பிரித்தறியும் வடிகட்டியும் இரண்டிலும் வழக்கமான பேயர் அமைப்பினதே. ஃபூஜி நிறுவனம் தன் சிறிய உணரிக் கருவிகள் பலவற்றில் கையாளும் தனிவகை வடிகட்டி இங்கு இல்லை.

ஓலையின் வடிவமும் உணரியின் வடிவமும்

40 செ.மீ. நீளமும் 3.5 செ.மீ. அகலமும் உடைய ஒரு பனையோலையை எடுத்துக்கொள்ளலாம். இருபுறமும் ஒரு செ.மீ. இடம் விட்டால் படச்சட்டகத்தின் அகலம் 42 செ.மீ. ஆகும். இவ்வகலத்தில் ஃபூஜி கருவி அங்குலத்துக்கு 704 படப்புள்ளிகளையும், சோனி கருவி 575 படப்புள்ளிகளையும் தருகின்றன. மொத்தப் படப்புள்ளிகளில் 69 விழுக்காடு கூடுதலாகக் கொண்ட கருவி, ஓலையின் நீளவாக்கில் தருவது 23 விழுக்காடு கூடுதல் மட்டுமே.

எஞ்சியது எங்கே போகிறது? ஓலைக்கு மேலும் கீழும் உள்ள வெற்றிடத்துக்குப் போகிறது. ஃபூஜி உணரியின் வடிவம் நான்குக்கு மூன்று. சோனி உணரியின் வடிவம் மூன்றுக்கு இரண்டு. 42 செ.மீ. அகலமுள்ள சட்டகம் முன்னதில் 31.5 செ.மீ. உயரமும் பின்னதில் 28 செ.மீ. உயரமும் பெறும். ஓலையோடு அளவுகோலும் நிறப்பட்டையும் சேர்ந்து 5.5 செ.மீ. உயரம் போதும். அப்படியாயின் ஃபூஜி படத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பதிவாவது பின்புலத் துணியே. பல ஓலைகளை ஒரே சட்டகத்தில் அடுக்கி எடுத்தால் இவ்வீணடிப்பு குறையுமே எனலாம். ஓர் ஓலைக்கு 4 செ.மீ. எனக் கணக்கிட்டால் இரு கருவிகளிலும் அடங்குவது ஏழு ஓலைகளே. ஃபூஜியில் எட்டாவது ஓலைக்கு அரை செ.மீ. இடம் குறைகிறது!

மில்லிமீட்டர்க் கணக்கில் நோக்கினால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். ஓலையின் ஒரு மி.மீ. நீளத்துக்கு ஃபூஜி கருவி 27.7 படப்புள்ளிகளையும் சோனி கருவி 22.6 படப்புள்ளிகளையும் ஒதுக்குகின்றன. 3 மி.மீ. உயரமுள்ள எழுத்து முறையே 83, 68 படப்புள்ளிகளின் உயரம் பெறும். 0.3 மி.மீ. விட்டமுள்ள புள்ளி ஒன்றில் எட்டும், ஏறத்தாழ ஏழும் ஆகும். இரண்டிலும் புள்ளி தெரியும். ஆயினும், அது எழுத்தாணி பதித்ததா பூச்சி துளைத்ததா என்பதை எட்டாவது படப்புள்ளி சொல்லிவிடாது.

அதைச் சொல்வது ஒளி. ஓலையின் அடியிலிருந்து ஒளி செலுத்தினால் முழுத்துளை ஒளிரும். மேற்பரப்பில் மட்டும் கீறிய புள்ளி அவ்வாறு ஒளிராது. பக்கவாட்டில் தாழ்ந்த கோணத்தில் விழும் சாய்வொளியில் கீறலின் ஒரு விளிம்பு வெளிச்சமாகவும் மறுவிளிம்பு நிழலாகவும் தெரியும். தூசி தன் நிழலை வெளிப்புறமாக வீழ்த்தும். மையாடல் மங்கிப்போன ஓலைகளில் சாய்வொளி இல்லாமல் எழுத்தே புலப்படாத நிலை உண்டு. எண்ணெய் பூசிய ஓலைகளில் பளபளப்பு எழுத்தை மறைக்கும்; விளக்குக்கும் வில்லைக்கும் முனைவாக்கத் தகடுகளைக் குறுக்காக அமைத்தால் அது அடங்கும். ஓர் ஓலையை ஒரே ஒளியில் 10 கோடிப் படப்புள்ளிகளோடு எடுப்பதைவிட, இருவேறு ஒளிகளில் 6 கோடிப் படப்புள்ளிகளோடு இருமுறை எடுப்பது பதிப்பாசிரியருக்கு மிகுதியாக உதவும்.

கூந்தற்பனை ஓலைகள் அரை மீட்டருக்கு மேலும் நீண்டிருப்பதுண்டு. 50 செ.மீ. ஓலையை, ஓரங்களோடு 52.5 செ.மீ. எனக் கொண்டு, அங்குலத்துக்கு 600 படப்புள்ளிகள் வேண்டுமெனில் அகலவாக்கில் 12,400 படப்புள்ளிகள் தேவை. இரு கருவிகளுமே இதற்குப் போதா. ஓலையை இரண்டு பகுதிகளாக எடுத்து இணைக்கத்தான் வேண்டும். இணைக்கத் துணிந்தபின் சோனி கருவியே அங்குலத்துக்கு 800 படப்புள்ளிகளைத் தாண்டிவிடுகிறது.

வளைந்த ஓலையும் தெளிவின் ஆழமும்

உலர்ந்த ஓலை தட்டையாகக் கிடப்பதில்லை. அதைக் கண்ணாடியால் அழுத்தினால் முறியும். எனவே ஓலையின் மேடும் பள்ளமும் ஒருங்கே தெளிவாகப் பதிய வேண்டும். இந்நிலையில்தான் பெரிய உணரி தன் மேம்பாட்டை இழக்கத் தொடங்குகிறது.

ஒரே ஓலையைச் சட்டகம் நிறைய எடுக்கும்போது, பெரிய உணரியில் விழும் பிம்பமும் பெரிதாகிறது. பிம்பம் பெரிதாக ஆகத் தெளிவின் ஆழம் சுருங்கும். ஓலையின்மீது 0.09 மி.மீ. வரையிலான கலங்கலைப் பொறுத்துக்கொள்ளலாம் எனக் கொண்டு, வில்லையின் துளையை எஃப் 8இல் வைத்தால் சோனி கருவியில் ஏறத்தாழ 18 மி.மீ. ஆழமும் ஃபூஜி கருவியில் 15 மி.மீ. ஆழமும் கிடைக்கும். ஃபூஜி கருவியிலும் 18 மி.மீ. வேண்டுமெனில் துளையை எஃப் 10 அளவுக்குச் சுருக்க வேண்டும்.

துளை சுருங்கும்போது ஒளியின் விளிம்பு விளைவு மிகுகிறது. ஒரு புள்ளியின் பிம்பம் புள்ளியாக விழாமல் சிறு வட்டமாகப் பரவுகிறது. பச்சை ஒளிக்கு எஃப் 8இல் அவ்வட்டத்தின் விட்டம் ஏறத்தாழ 10.7 மைக்ரான், எஃப் 10இல் 13.4 மைக்ரான். இவற்றை ஓலையின் பரப்புக்கு மாற்றிக் கணக்கிட்டால் சோனியில் 0.126 மி.மீ., ஃபூஜியில் 0.128 மி.மீ. என வருகிறது. அதாவது, வளைந்த ஓலையில் இரு கருவிகளும் ஒரே ஆழத்தைத் தருமாறு அமைக்கப்படும்போது, விளிம்பு விளைவால் நேரும் கலங்கல் இரண்டிலும் ஒன்றே. கூடுதல் படப்புள்ளிகள் அக்கலங்கலைச் சற்று நுணுக்கமாகப் பதிவுசெய்கின்றன, எழுத்தை அன்று.

ஒளி, இரைச்சல், கோப்பு

ஃபூஜி உணரியின் பரப்பு சோனியைப்போல் 1.7 மடங்கு. ஒரே துளை, ஒரே நேர அளவில் அது பெறும் மொத்த ஒளியும் அத்தனை மடங்காகும். ஒளிப்படக்காரர் வழக்கில் முக்கால் ‘ஸ்டாப்’. படியெடுக்கும் தாங்கியில் இதற்குப் பெரும்பயன் இல்லை. ஓலை அசைவதில்லை, கருவியும் அசைவதில்லை. ஐஎஸ்ஓ 100இல் வைத்துக்கொண்டு, தேவையான நேரத்துக்கு ஒளியை ஏற்கலாம். கோயிற் பிராகாரத்தின் இருளில் தாங்கியின்றிக் கல்வெட்டை எடுக்கும்போது மட்டுமே இம்முக்கால் ஸ்டாப் கணக்கில் வரும். அங்கும் ஒரே ஆழத்துக்காகத் துளையைச் சுருக்கினால் அந்த மேம்பாட்டின் பெரும்பகுதி போய்விடுகிறது. மேலும், கை நடுக்கத்தை ஈடுசெய்யும் திறன் சோனிக்கு எட்டு ஸ்டாப் என்றும் ஃபூஜிக்கு ஆறு ஸ்டாப் என்றும் அந்நிறுவனங்கள் அறிவித்துள்ளன. எடையும் முறையே 723, 900 கிராம்.

ஃபூஜி கருவி 16 பிட் மூலக்கோப்பையும் சோனி கருவி 14 பிட் மூலக்கோப்பையும் எழுதுகின்றன. எண்ணளவில் இது பெரிய வேறுபாடாகத் தோன்றும். படப்புள்ளி ஒரே அளவினதாக இருக்கையில், கூடுதல் இரண்டு பிட்டுகளில் பதிவாவது பெரும்பாலும் அப்படப்புள்ளியின் இரைச்சலே. ஓலையின் பழுப்பையும் மையின் கருமையையும் பிரித்துக்காட்ட 14 பிட் தாராளமாகப் போதும்.

சேமிப்புச் செலவு பற்றித் திட்ட அறிக்கைகள் போதிய கவனம் கொள்வதில்லை என்றே தோன்றுகிறது. 200 ஓலைகள் கொண்ட ஒரு கட்டில் இருபுறமும் சேர்த்து 400 படங்கள். வண்ணத்துக்கு 16 பிட் வீதம் டிஃப் கோப்புகளாக வைத்தால், ஃபூஜி படம் ஒன்று 610 மெகாபைட்டும் சோனி படம் ஒன்று 361 மெகாபைட்டும் ஆகும். ஒரு கட்டுக்கு முறையே 244, 145 ஜிகாபைட். பாதுகாப்புக் கருதி மூன்று படிகள் வைக்கப்படுமாயின் இது மும்மடங்காகும். பின்புலத்தை நீக்கி, ஓலையும் அளவுகோலும் அடங்கிய பட்டையை மட்டும் வைத்தால், கட்டுக்கு ஏறத்தாழ 43, 28 ஜிகாபைட்டாகக் குறையும். சேமிப்பில் இவ்வளவு மிச்சம் பிடிக்க முடிவதே, உணரியின் பெரும்பகுதி எதற்காக உழைத்தது என்பதைக் காட்டிவிடுகிறது.

வெளியீட்டுக் காலத்தில் அமெரிக்கச் சந்தையில் ஃபூஜி கருவியின் விலை 5,999 டாலர். சோனியின் விலை 3,899 டாலர். வில்லையின்றி உடற்பகுதிக்கு மட்டுமே இவ்விலை. ஓலைப் பணிக்கு மட்டுமே கருவி வாங்கும் நிறுவனம், இடைப்பட்ட 2,100 டாலரை நல்ல மேக்ரோ வில்லைக்கும், சாய்வொளி விளக்குகளுக்கும், அடியொளிப் பலகைக்கும், முனைவாக்கத் தகடுகளுக்கும் செலவிடுவதே தக்கது.

மைப்படிகள்

ஓலையை விடுத்துக் கல்வெட்டு மைப்படிக்கு வந்தால் நிலை மாறுகிறது. மைப்படி அகன்ற தாள். 120 செ.மீ. அகலமும் 90 செ.மீ. உயரமும் உடைய தாளை எடுத்துக்கொண்டால் அது நான்குக்கு மூன்று என்னும் ஃபூஜி உணரியின் வடிவத்தோடு அப்படியே பொருந்துகிறது. வீணாகும் இடமே இல்லை. ஃபூஜி கருவி அங்குலத்துக்கு 247 படப்புள்ளிகளைத் தருகிறது. சோனி கருவியில் தாளின் உயரத்தை அடக்குவதற்காகப் பக்கங்களில் இடம் விடவேண்டியிருப்பதால் 179 மட்டுமே கிடைக்கிறது. ஓலையில் 23 விழுக்காடாக இருந்த வேறுபாடு இங்கு 38 விழுக்காடாக உயர்கிறது.

ஆழத்தால் நேரும் இழப்பும் இங்கு இல்லை. தாள் பெரிதாகையால் பிம்பம் பலமடங்கு சிறுக்கிறது. ஃபூஜி கருவியில் எஃப் 8இலேயே, இரண்டு படப்புள்ளி அளவுக் கலங்கலைப் பொறுத்துக்கொண்டால், தெளிவின் ஆழம் 9 செ.மீ.க்கு மேல் கிடைக்கும். மடிப்புகளால் தாள் எழும்புவது அவ்வளவு இராது. ஆகவே துளையைச் சுருக்க வேண்டியதில்லை. பெரிய உணரியின் படப்புள்ளிகள் முழுவதும் எழுத்துக்கே பயன்படுகின்றன. சிதைந்த வட்டெழுத்துக் கல்வெட்டில், கல்லின் பொளிவு எது, எழுத்தின் கோடு எது என்று பிரித்தறிய வேண்டிய இடங்களில் 179க்கும் 247க்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரியும்.

சோனி கருவியை நெடுக்காகத் திருப்பி, தாளை இரு பாதிகளாக எடுத்தால் அதே 247 கிடைக்கும். நடுவில் 10 செ.மீ. மேற்படிவும் வைக்க இடமிருக்கும். ஆனால் இணைப்பு ஒவ்வொரு வரியையும் குறுக்கே வெட்டிச் செல்லும். எந்த வரியிலும் எழுத்து இரட்டிக்கவில்லை, விடுபடவில்லை என்பதை ஒருவர் வரிவரியாகச் சரிபார்க்க வேண்டும். அவர் கல்வெட்டெழுத்துப் படிக்கத் தெரிந்தவராகவும் இருக்க வேண்டும். பத்துத் தாள்களுக்கு இது ஒரு பிற்பகல் வேலை. ஆயிரக்கணக்கான தாள்களைக் கொண்ட தொகுப்பில், படிக்கத் தெரிந்த அந்த ஒருவரின் நேரத்தோடு ஒப்பிட 2,100 டாலர் சிறு தொகையே.