புழல் ஏரிக்கரையில் யாழ்ப்பாணத் தமிழ்

புழல் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? "நாம் குடிக்கும் தண்ணீர் ஏரி" என்பீர்கள். பத்திரிகை படிக்கிறவர்களோ, "பெரிய சிறைச்சாலை" என்பார்கள். இரண்டும் சரிதான். ஆனால் காவாங்கரைப் பக்கம் ஒரு தடவை போய்ப் பாருங்கள். நாம் பேசுகிறோம், அங்கே உள்ளவர்கள் "கதைக்கிறார்கள்." நாம் "ஆமாம்" என்றால் அவர்கள் "ஓம்" என்கிறார்கள். இலங்கைத் தமிழர் முகாம் அது. தமிழ்நாட்டில் இதைப் போல நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்கள் இருக்கின்றன.

"அங்கே யுத்தம், ஓடி வந்தார்கள்" என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு வரிக்குள் நம் நாட்டுப் பட்டாளத்தின் கதையும் இருக்கிறது. அதை நம் வீட்டுக் குழந்தைகளுக்குச் சொல்லியிருக்கிறோமா?

தாம்பூலம் மாற்றியவர்கள்

1987 ஜூலை 29-ம் தேதி கொழும்பில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. கையெழுத்திட்டவர்கள் நம் பிரதம மந்திரி ராஜீவ் காந்தியும், இலங்கை ஜனாதிபதி ஜெயவர்த்தனாவும். தமிழர் வாழும் வடக்கும் கிழக்கும் தற்காலிகமாக ஒரே மாகாணமாகும். போராளிகள் ஆயுதத்தை ஒப்படைப்பார்கள். அமைதி காக்க இந்தியப் படை வரும். இதுதான் ஏற்பாடு.

மறுநாளே நம் சிப்பாய்கள் பலாலியில் இறங்கினார்கள். "இனி நிம்மதி" என்று யாழ்ப்பாணத்தார் மாலை போட்டு வரவேற்றார்கள்.

ஆனால், சகோதரிகளே, இரண்டு வீட்டுப் பெரியவர்கள் தாம்பூலம் மாற்றிக்கொண்டால் மட்டும் போதுமா? குடித்தனம் நடத்த வேண்டியவர்களின் சம்மதம் வேண்டாமா? துப்பாக்கி ஏந்திப் போராடிய விடுதலைப் புலிகள் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. கொஞ்சம் ஆயுதங்களைக் கொடுத்தார்கள், மனத்தைக் கொடுக்கவில்லை. அக்டோபர் 5-ம் தேதி, காவலில் இருந்த புலிகளில் பன்னிரண்டு பேர் சயனைடு தின்று மாண்டார்கள். 10-ம் தேதி சண்டை மூண்டுவிட்டது. அமைதி காக்க வந்த படை, யாழ் நகரைப் பிடிக்க இரண்டு வாரம் போரிட்டது.

அந்த வருஷம் அக்டோபர் 21-ம் தேதி தீபாவளி. அன்று யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் சிப்பாய்கள் நுழைந்தார்கள். நோயாளிகளும் டாக்டர்களும் நர்ஸுகளுமாக அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். இரு தரப்புச் சண்டையில் நேர்ந்தது என்றது ராணுவம். உயிர் தப்பியவர்கள் அப்படிச் சொல்லவில்லை.

அமைதிக்குப் போன படை ஆயுதம் எடுப்பது உலகத்துக்குப் புதிதல்ல. 1961-ல் ஆப்பிரிக்காவின் காங்கோவில், பிரிந்து நின்ற கடாங்கா மாகாணத்துக்கு ஐ.நா. கொடியின் கீழ்ப் பல தேசத்துப் படைகள் போயின. நம் காப்டன் குர்பச்சன் சிங் சலாரியா அங்கேதான் வீழ்ந்தார். 1963 ஜனவரியில் கடாங்கா அடங்கியது. யாழ்ப்பாணமோ அடங்கவில்லை. தேடப்பட்டவன் இன்னொரு வீட்டின் பிள்ளை. தேட வந்தவனுக்கு அந்த வீட்டின் பாஷைகூடத் தெரியாது. கதவைத் தட்டித் தட்டி ஒரு மாகாணத்தை வசப்படுத்த முடியுமா?

மூன்று உயிர்கள்

மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் தமிழர். 1987 நவம்பர் 25-ம் தேதி இரவு, தேடுதலை முடித்துத் திரும்புகையில் அவருடைய படையைப் புலிகள் மறைந்திருந்து தாக்கினார்கள். மார்பில் குண்டு பாய்ந்தும், சுட்டவனின் துப்பாக்கியைப் பறித்து அவனைச் சுட்டுவிட்டு உயிர் துறந்தார். பரம்வீர் சக்ரா அவருக்குக் கிடைத்தது. தமிழன் தமிழனைச் சுட்ட இரவு அது.

மட்டக்களப்பில் பூபதி அம்மாள், பத்துப் பிள்ளைகளைப் பெற்றவர். "சண்டையை நிறுத்துங்கள், புலிகளோடு பேசுங்கள்" என்று மாமாங்கேசுவரர் கோயிலில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். 1988 மார்ச் 19-ல் தொடங்கினார். ஏப்ரல் 19-ல் உயிர் பிரிந்தது.

டாக்டர் ராஜினி திராணகம, யாழ் பல்கலைக்கழகத்தில் உடற்கூறு கற்பித்தவர். இரண்டு பெண் குழந்தைகளின் தாய். இந்தியப் படை செய்ததையும் எழுதினார். புலிகள் செய்ததையும் எழுதினார். 1989 செப்டம்பர் 21-ம் தேதி சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். புலிகள்தாம் கொன்றார்கள் என்பது பரவலான குற்றச்சாட்டு.

மூவரில் யாருடைய வீட்டில் விளக்கு எரியவில்லை என்று வருந்துவது? மூன்று வீட்டிலும்தான்!

கப்பல் திரும்பியது

புதிய ஜனாதிபதி பிரேமதாசா, "போதும், போங்கள்" என்றார். 1990 மார்ச் 24-ம் தேதி கடைசிப் படையினர் திரிகோணமலையை விட்டுப் புறப்பட்டார்கள். ஏறத்தாழ 1,200 பேர் திரும்பவில்லை. வந்தவர்களுக்குச் சென்னைத் துறைமுகத்தில் நடந்த வரவேற்புக்கு அன்றைய முதல் மந்திரி கருணாநிதி போகவில்லை. போகும்போது அங்கே மாலை. வரும்போது இங்கே மௌனம்.

மூன்றே மாதத்தில், ஜூனில், மறுபடி யுத்தம். குழந்தையை இடுப்பிலும் மூட்டையைத் தலையிலும் வைத்துக்கொண்டு, படகேறி ராமேஸ்வரம் கரைக்கு ஆயிரமாயிரம் பேர் வந்தார்கள். இணைத்த மாகாணமும் 2007-ல் மறுபடி இரண்டாயிற்று. 2009 மே மாதம் யுத்தம் ஓய்ந்தது.

முகாம்கள் மட்டும் இருக்கின்றன. 2021-ல் அவற்றுக்கு "மறுவாழ்வு முகாம்" என்று பெயர் மாற்றினார்கள். ஆனால் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்தவர்களில் மிகப் பலருக்கு இன்னும் பிரஜா உரிமை இல்லை.

அடுத்த தடவை செங்குன்றம் பஸ்ஸில் போகும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாள் "ஓம்" என்று சொன்னால், "எந்த ஊர்?" என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். கொஞ்சம் கதையுங்கள். ஒப்பந்தம் எழுதியவர்கள் கேட்க மறந்ததை நாமாவது கேட்போமே!