தேக்கின் மேல் விஷம்

கொச்சி மட்டாஞ்சேரியில், 1568-ல் எழுந்த பரதேசி யூத ஜெப ஆலயத்துக்குப் போகும் யூதத் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசை கட்டி நிற்கின்றன. பழைய வீடுகளின் கதவுகள், தூண்கள், பெட்டிகள். வாங்குபவர்கள் பலரும் தேடுவது பெயின்ட்டை அல்ல, அதன் அடியில் ஒளிந்திருக்கும் தேக்கை. சுரண்டத் தொடங்கும்போதுதான் ஆபத்து.

காரணம், ஈயம். வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பர் 1-ல்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சு எதையும் சந்தேகிப்பதே விவேகம். உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் ஈயத் தூசி. நெருப்பால் சுட்டால் ஈயப் புகை. இரண்டும் ரத்தத்தில் கலக்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். காஸ்டிக் சோடா தொட்டியில் முக்கினால் பெயின்ட்டோடு பசை மூட்டுகளும் கழலும், தேக்கும் கறுக்கும்.

பத்திரமான வழி, பொறுமையின் வழி: நனைத்துச் சுரண்டுவது, நுண்தூசியைத் தடுக்கும் முகமூடி, கீழே பிளாஸ்டிக் விரிப்பு, ஈரத் துணியால் துடைப்பு, பிறகு குளியல். குழந்தைகள் அருகே வரவே கூடாது.

சில கதவுகளைச் சும்மா விடுவதே மேல். அடுக்கடுக்கான அந்தப் பூச்சுதான் அவற்றின் வயதுக்குச் சாட்சி. சுரண்டிவிட்டால் மிஞ்சுவது வெறும் மரம்.